"எங்கள் ஒன்றியத்தில் அப்படிப் பிள்ளைகள் இல்லை" என்கிறார்களே, இடத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, "இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இங்கே இடம் இல்லைங்க, ஈரோட்டிலோ கோயமுத்தூரிலோ சிறப்புப் பள்ளி பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மேலே விசாரித்தால், "உங்கள் ஒன்றியத்தில் அப்படிப் பிள்ளைகள் அதிகம் இல்லை, அதனால்தான் வசதி இல்லை" என்கிறார்கள். அரசாங்கம் இந்த இடங்களை எப்படித் திட்டமிடுகிறது, நாங்கள் யாரைப் போய்க் கேட்பது என்பது அவர் கேள்வி.

அம்மணி, உங்களிடம் சொன்ன இரண்டில் முதலாவது சட்டப்படி தவறு. இரண்டாவது, அவர்கள் கையில் இருக்கும் காகிதத்தின்படி உண்மையாகவே இருக்கலாம். எனக்கு வருத்தம் அந்த இரண்டாவதில்தான். ஈரோடு மாவட்டத்தில் ஒரு வட்டார வள மையத்தில், அதாவது ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை மையத்தில், 16 வருடம் சிறப்பாசிரியராக இருந்தேன். அந்தக் காகிதத்தை வருடா வருடம் நிரப்பியவர்களில் நானும் ஒருவன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவு: அரசு நிதி பெறும் பள்ளியோ அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, மாற்றுத்திறன் குழந்தையைப் பாகுபாடு இல்லாமல் சேர்த்து, மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும். 31ஆம் பிரிவு: 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. அது பக்கத்துப் பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு. தேர்வு குடும்பத்தினுடையது. தலைமையாசிரியர் உங்களுக்காகத் தேர்ந்தெடுக்க முடியாது. இன்னொன்று, அந்த 40 சதவீதம் 31ஆம் பிரிவுக்குத்தான். "சர்டிபிகேட்டில் 40 இருக்கா?" என்று கேட்டு வாசலிலேயே நிறுத்துவதற்கு 16ஆம் பிரிவில் இடமில்லை.

சரி, 'இடம்' என்றால் என்ன? நம் ஊர் அரசுப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு இத்தனை சீட் என்று எங்கேயும் ஒதுக்கி வைப்பதில்லை. உட்கார பெஞ்ச் எந்தப் பள்ளியிலும் இருக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், பெரும்பாலும் இருக்கவும் இருக்கிறது. இல்லாதது அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆசிரியரின் நேரம். பிசியோ, பேச்சுப் பயிற்சி, சாய்தளம், கழிவறை, கூட்டி வர ஆள், இதெல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் மகனுக்கு 'இடம்'. அரசு திட்டமிடுவதும் இதைத்தான், அல்லது திட்டமிட வேண்டியது இதைத்தான்.

அந்தத் திட்டம் எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்தால், முழுக்க முழுக்கத் தலை எண்ணிக்கையிலிருந்து. பள்ளியில் எமிஸில், அதாவது கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவேட்டில், ஒரு பிள்ளையின் பக்கத்தில் 'மாற்றுத்திறன்' என்று குறித்து, எந்த வகை என்றும் பதிய வேண்டும். அந்த எண்ணிக்கை வட்டாரத்துக்குப் போய், வட்டாரம் மாவட்டமாகி, மாவட்டம் மாநிலமாகி, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஆண்டுச் செயல்திட்டமாக டெல்லிக்குப் போகும். அங்கே திட்ட ஒப்புதல் வாரியம் உட்கார்ந்து, இத்தனை பிள்ளைகள், தலைக்கு இவ்வளவு என்று ஒப்புதல் தரும். உள்ளடக்கிய கல்விக்கு ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 3,500 ரூபாய் என்பது அந்தத் திட்டத்தின் அளவுகோல். பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 வீதம் 10 மாதம் உதவித்தொகை தனி. செலவில் மத்திய அரசு 60, மாநிலம் 40 பங்கு. ஆக, எண்ணிக்கையில் ஏறாத பிள்ளைக்கு 3,500 வராது, ஆசிரியர் வரமாட்டார், பயிற்சி மையம் வராது. அடுத்த வருடம் "அங்கே தேவை இல்லை" என்று எழுதிவிடுவார்கள். தேவை தெரியாததால் வசதி இல்லை, வசதி இல்லாததால் பிள்ளைகள் வருவதில்லை, பிள்ளைகள் வராததால் தேவை தெரிவதில்லை. செக்கு மாடு மாதிரி ஒரே வட்டத்தில் சுற்றும்.

அப்படியானால் பிள்ளைகள் எப்படி எண்ணிக்கையில் விடுபடுகிறார்கள்?

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பவானிப் பக்கம் ஒரு தறிக்குடோனை ஒட்டிய வீட்டு வரிசை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் கேட்டேன், "ஆத்தா, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா?" "இல்லைங்க சாமி, ரெண்டு பேரும் போறாங்க" என்றார். எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது உள்ளறையில் ஒரு சிறுமி படுத்திருந்தாள். ஒன்பது வயது, மூளை முடக்குவாதம். "அன்னைக்குக் கேட்டேனே ஆத்தா" என்றேன். "நீங்க பள்ளிக்கூடம் போற வயசுப் பிள்ளைங்களைத்தானுங்களே கேட்டீங்க, இவ எங்கீங்க போறது?" என்றார். பாட்டி பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் என்ற சொல்லையும் அந்தப் பிள்ளையையும் அவர் மனது ஒன்றாக நினைத்துப் பார்த்ததே இல்லை. நான் கேட்ட விதம்தான் தப்பு. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும், "வீட்டில் மொத்தம் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்?" என்றுதான் ஆரம்பித்தேன்.

இது ஒரு வழி. இன்னொன்று சான்றிதழ். கற்றல் குறைபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தலைகீழாகத் தெரியும், கூட்டல் வராது, மற்றபடி பேச்சில் சுட்டியாக இருக்கும் பிள்ளை. மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயதில்தான் அதற்குப் பரிசோதனை. சான்றிதழ் 8, 14, 18 வயதுகளில் என்று அதில் வைத்தார்கள். மருத்துவ ரீதியாக அது சரிதான், ஐந்து வயதில் யாருக்கும் எழுத்து தடுமாறும். ஆனால் திட்டக் கணக்கில் பார்த்தால் ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் இந்தப் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை என்றே வரும். அப்புறம் மூன்றாம் வகுப்பில் திடீரென்று முளைத்த மாதிரி தெரியும். அதற்குள் அந்தப் பிள்ளைக்கு 'மக்கு' என்ற பட்டம் கிடைத்து இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

ஆட்டிசத்திலும் சிக்கல் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குறைபாடுகளை எட்டு வகையாகத்தான் கேட்டார்கள். அதில் ஆட்டிசம் தனியாகக் கிடையாது. அந்தக் கணக்கில் தமிழ்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். 2016 சட்டமோ 21 வகைகளை ஏற்கிறது. அதாவது பழைய எண்ணிக்கையை வைத்துப் புதிய சட்டத்துக்குத் திட்டம் போட முடியாது. அடுத்த தலைக்கணக்கு 2027 பிப்ரவரியில்தான். இது தெரிந்துதானோ என்னவோ, சட்டத்தின் 17ஆம் பிரிவிலேயே பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கென ஐந்து வருடத்துக்கு ஒரு கணக்கெடுப்பு நடத்த வேண்டும், முதலாவதை இரண்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். தமிழ்நாட்டில் வகுப்பாசிரியரே கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று பதிந்து பிள்ளைகளை அடையாளம் காண 'நலம் நாடி' என்ற செயலி வந்தது நல்ல முயற்சி என்பேன். டாக்டர் வரும் முகாமுக்காகக் காத்திருக்காமல் முதல் சல்லடையை வகுப்பறையிலேயே போடலாம். ஆனால் அதுவும் பள்ளிக்குள் வந்த பிள்ளையைத்தான் பார்க்கும். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட உங்கள் மகனைப் பார்க்காது.

இதோடு இன்னொரு பிளவும் உண்டு. பிள்ளை பிறந்த உடன் குறையைக் கண்டுபிடிப்பது சுகாதாரத் துறையின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம். மூன்று வயதில் அங்கன்வாடி, அது சமூக நலத் துறை. ஆறு வயதில் பள்ளிக் கல்வித் துறை. சிறப்புப் பள்ளி என்று போனால் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. நான்கு துறை, நான்கு நோட்டு. மூன்று வயதில் கோவை ஆஸ்பத்திரியில் ஆட்டிசம் என்று எழுதப்பட்ட பிள்ளை, மூன்று வருடம் கழித்து எந்த ஒன்றியத்தில் ஒன்றாம் வகுப்புக்கு வரும் என்று பள்ளிக் கல்வித் துறைக்கு முன்கூட்டித் தெரிவதற்கு ஒழுங்கான வழி என் காலத்தில் இருக்கவில்லை. திட்டமிடல் என்றால் மூன்று வருடம் முன்னால் பார்ப்பதுதானே? நாம் செய்ததெல்லாம் போன வருட எண்ணிக்கையோடு கொஞ்சம் கூட்டிப் போட்டது.

கூட்டிப் போடுவதிலும் தப்பு நேரும். காது கேளாத பிள்ளைகளைப் பாருங்கள். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் வைக்கும் கேட்கும் கருவி) அறுவை சிகிச்சை செய்துகொள்ள முடிகிறது. அந்தப் பிள்ளைகளில் பலர் விடுதியோடு கூடிய காது கேளாதோர் பள்ளிக்குப் போகாமல் உள்ளூர் பள்ளிக்கே வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது தூரத்து விடுதியில் கட்டில் இல்லை, பக்கத்தில் பேச்சுப் பயிற்சியாளர். பழைய எண்ணிக்கையை அப்படியே நீட்டினால் கட்டில் மிஞ்சும், பயிற்சியாளர் பற்றாது.

அடுத்தது ஆசிரியர். உங்கள் மகனின் 'இடம்' உண்மையில் மாட்டிக்கொண்டிருப்பது இங்கேதான். எத்தனை பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று வெகுநாள் விதியே இல்லை. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் அதைக் கேட்டது. மத்திய அரசு 2022 ஜூனில் அறிவித்தது: தொடக்க நிலையில் 10 பிள்ளைக்கு ஒருவர், நடுநிலையில் 15 பிள்ளைக்கு ஒருவர். பணியிடங்களை மாநிலங்கள் அறிவித்து நிரப்ப வேண்டும் என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது.

இந்த விகிதத்தை நம் ஒன்றியங்களில் வைத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, தொடக்க நிலையில் 90 பிள்ளை, நடுநிலையில் 45 பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி 9 பேரும் 3 பேரும், ஆக 12 சிறப்பாசிரியர். ஒன்றியத்துக்கு 12 பேர் என்பதை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. அப்படியே 12 பேர் வந்தாலும் அந்த 135 பிள்ளைகளும் ஒரே பள்ளியில் இல்லை. நம் நாட்டுப்புறத்தில் ஊர்கள் தோட்டம் தோட்டமாகச் சிதறிக் கிடக்கின்றன; பள்ளிக்கு ஒருவர், இருவர் என்று இருப்பார்கள். என் கணக்கில் 20க்கு மேல் பள்ளிகள் இருந்தன. வாரத்தில் இரண்டு நாள் பள்ளி ஆயத்தப் பயிற்சி மையம், ஒரு நாள் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளுக்கு இல்லம் சார்ந்த பயிற்சி. மிச்சம் வாரம் இரண்டு நாள், மாதத்துக்கு எட்டு நாள். 20 பள்ளிக்கு எட்டு நாளைப் பங்கு போட்டால் ஒரு பள்ளிக்கு அரை நாள்கூட வராது. அதிலும் ஆளுக்கு ஒரு முகாம், ஒரு கூட்டம், ஒரு படிவம். அந்தப் பிள்ளை என்னை மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கும். இரண்டாவது தடவை போகும்போது பாதிப் பேருக்கு என் முகமே மறந்திருக்கும்.

விகிதம் நல்லது, ஆனால் நம் மாதிரிச் சிதறிய ஊர்களுக்கு விகிதத்தோடு தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. இந்த ஆசிரியர்கள் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திட்டப் பணம் தடுமாறினால் முதலில் தடுமாறுவது இவர்கள் பிழைப்பு. 2024-25இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் மத்திய அரசோடு ஏற்பட்ட தகராறில் நின்றது நினைவிருக்கும். செய்தியில் அது அரசியல். வட்டார வள மையத்தில் அது, பஸ்ஸுக்குக் கைக்காசு போட்டுக்கொண்டு போவதா வேண்டாமா என்ற கேள்வி. படித்தவர்கள் இல்லாமல் இல்லை. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வளாகத்திலும் கோவை அவினாசிலிங்கத்திலும் சிறப்புக் கல்விப் படிப்பு பல காலமாக நடக்கிறது. நிரந்தர வேலை இல்லாததால்தான் ஆள் நிற்பதில்லை.

தூரம் என்றேன். உங்கள் ஊர் சமவெளி, அதுவே இந்தப் பாடு. அந்தியூர் ஒன்றியத்தில் பர்கூர் மலை இருக்கிறது, அந்தியூரிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். மையம் அந்தியூரில் என்றால், மலைமேல் இருக்கும் பிள்ளைக்குக் காகிதத்தில் இடம் உண்டு, போய்ச் சேர வழி கிடையாது. தாளவாடிக்குத் திம்பம் வழியாக 27 கொண்டை ஊசி வளைவு. வீட்டில் கன்னடம் பேசும் குடும்பங்கள் நிறைய. பேச்சுப் பயிற்சி எந்த மொழியில் என்பதைக்கூடத் திட்டமிட வேண்டிய இடம் அது. போக்குவரத்துப் படி, கூட்டி வருபவருக்குப் படி என்று திட்டத்தில் இருக்கிறது. ஆனால் கூட்டி வருபவர் யார்? அம்மா. அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அந்தப் படி அந்தக் கூலிக்கு ஈடாகாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திருப்பூரில் சிக்கல் வேறு மாதிரி. பனியன் கம்பெனிக்கு வெளிமாவட்டத்திலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. ஆர்டர் இருந்தால் இருப்பார்கள், இல்லாவிட்டால் கிளம்புவார்கள். எண்ணிக்கை எடுக்கும் அன்று இல்லாத பிள்ளை இரண்டு மாதத்தில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு அந்த வருடம் பணம் இல்லை. சாதாரண ஆசிரியர் பணியிடமே ஆகஸ்ட் 1 எண்ணிக்கையை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். நாடு முழுக்கப் பள்ளிப் புள்ளிவிவரத்துக்கு வெகு காலமாகச் செப்டம்பர் 30தான் கணக்கு நாள். ஒரு தேதியில் ஓடும் ஆற்றைப் போட்டோ எடுத்து, இதுதான் ஆறு என்று வருடம் முழுக்கச் சொல்வது போல.

வெளிநாட்டில் எப்படி என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இங்கிலாந்தில் 2014 சட்டப்படி, தேவை அதிகமுள்ள பிள்ளைக்கு உள்ளாட்சி மன்றம் கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்து ஒரு தனித்திட்டம் எழுதித் தரும். அதில் ஒரு பள்ளியின் பெயரை எழுதிவிட்டால் அந்தப் பள்ளி சேர்த்தே ஆக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கேயும் சிறப்புக் கல்வியிடங்கள் எத்தனை இருக்கின்றன என்பதை ஆண்டுதோறும் எடுக்கும் பள்ளிக் கொள்ளளவுக் கணக்கில் சேர்த்தது 2023இல்தான். சேர்த்துப் பார்த்தால் சிறப்புப் பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவை ஏற்கெனவே நிரம்பியிருந்தன. பிள்ளைக்குக் காகிதம் கொடுத்தவர்கள் இடத்தை எண்ணவில்லை. நாம் இடமும் எண்ணவில்லை, பிள்ளையையும் எண்ணவில்லை.

சரி, இனி உங்கள் வேலைக்கு வருகிறேன்.

சேர்க்கையை வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். "என் மகனைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன், 2016 சட்டம் 16, 31ஆம் பிரிவுகளின்படி" என்று நான்கு வரி போதும். நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால், மறுப்பையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருவதற்குப் பதில் சேர்த்துக்கொண்டுவிடுவார்கள், என் அனுபவத்தில் பத்தில் எட்டு இடத்தில் இதுதான் நடந்தது. நடக்காவிட்டால் அதே நகலோடு வட்டாரக் கல்வி அலுவலர், அவர் நழுவினால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகம். அதற்கும் மேலே, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். அங்கே கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும்.

சேர்ந்த அன்றே எமிஸில் மகன் பெயருக்குப் பக்கத்தில் மாற்றுத்திறன் குறியீடு ஏறியதா, வகை 'ஆட்டிசம்' என்று சரியாக விழுந்ததா என்று கண்ணால் பாருங்கள். 'அறிவுசார் குறைபாடு' என்று போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும். அவசரத்தில் பட்டியலில் மேலே இருப்பதைத் தட்டிவிடுவார்கள். வகை மாறினால் பயிற்சியும் மாறும்.

வெள்ளகோவில் வட்டார வள மையத்துக்கு ஒரு தடவை நேரில் போங்கள். உங்கள் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியர் யார், எந்தக் கிழமை வருவார், மையம் எந்த நாட்களில் திறந்திருக்கும் என்று கேளுங்கள். கோபமாகப் பேச வேண்டாம், அவர்களும் என்னைப் போல 20 பள்ளிக்கு ஓடுகிறவர்கள்தான். உங்கள் பிள்ளையின் பெயர் அவர்கள் நோட்டில் இருந்தால், அவர்களுக்கும் மேலே கேட்க ஒரு காரணம் கிடைக்கும்.

தனியார் பள்ளியை யோசிக்கிறீர்கள் என்றால், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவாகவே வருவார்கள். 2012 திருத்தத்தில் சேர்த்தார்கள். தலைக்கு மேல் வேலை இருக்கும்போது பலருக்கும் தெரியாமல் போகும் வழி இது. விண்ணப்பம் பொதுவாகக் கோடையில் வரும்.

இன்னொன்று பள்ளி மேலாண்மைக் குழு. டீ குடித்துக் கலைகிற கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தக் குழுதான் பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். வரும் வருடங்களில் எத்தனை பிள்ளைகள், கூடுதலாக எத்தனை ஆசிரியர், என்ன வசதி என்று மூன்று வருடத்துக்கு எழுத வேண்டும். நான் மேலே சொன்ன மூன்று வருடப் பார்வை காகிதத்தில் இங்கே இருக்கிறது, யாரும் நிரப்புவதில்லை. வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு, நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அந்தக் குழுவில் இடம் தர வேண்டும் என்பதும் சட்டம்தான். நீங்கள் அதில் போய் உட்காருங்கள். போவதற்கு முன்னால் உங்கள் பள்ளியைச் சுற்றி இருக்கும் தோட்டங்கள், தறிக்குடோன்கள், காலனி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து, உள்ளறைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள். அங்கன்வாடி ஆயாவைக் கூட்டிக்கொண்டு போனால் வேலை சுலபம், அவருக்குத் தெரியாத வீடு இருக்காது. ஐந்து பெயர் கிடைத்தாலும் அந்தப் பட்டியலைத் தீர்மானத்தில் ஏற்றி வட்டார வள மையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் முதல் தேதிக்கு முன்னால் அனுப்பிவிட்டால் நல்லது. தாமதமானாலும் செப்டம்பரைத் தாண்ட விடாதீர்கள். கதவைத் தட்டும்போது மட்டும், "பள்ளிக்கூடம் போகாத பிள்ளை இருக்கா?" என்று கேட்காதீர்கள்.